பிளேஸ்கூல்ல என்ன எழுதினாங்கன்னு மட்டும் கேக்காதீங்க

மூணு வயசுப் பிள்ளைய பிளேஸ்கூல்ல சேத்த மறுவாரமே நோட்டப் பொரட்டி "இன்னும் ஏபிசிடி கூட வரலயே"ன்னு டென்ஷன் ஆகுறவங்கதான் நம்மள்ல பாதிப்பேர். அந்த வயசுக்கு அது முக்கியமே இல்ல.

1962ல அமெரிக்காவுல மிச்சிகன்ல பெர்ரி பிரீஸ்கூல்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, 123 ஏழைப் பிள்ளைங்க, அதுல கிட்டத்தட்ட பாதிப்பேர பிரீஸ்கூல்ல சேத்து, மத்தவங்கள சேக்காம விட்டு, எல்லாரையும் 40 வயசு தாண்டியும் ஃபாலோ பண்ணிருக்காங்க. சேந்த பிள்ளைங்களுக்கு ஐக்யூ முதல்ல ஏறுச்சு, ஆனா சில வருஷத்துல அந்த வித்தியாசம் மறைஞ்சே போச்சு. இருந்தாலும் பெரியவங்களானப்போ ஸ்கூல் படிப்ப முடிச்சவங்க, வேலைல இருந்தவங்க அவங்கள்லதான் அதிகம், போலீஸ் கேஸும் கம்மி. அப்ப மனப்பாடத்த விட வேற ஏதோ உள்ள எறங்கிருக்குன்னுதானே அர்த்தம்?

அங்க பண்ணதுல ஒண்ண வீட்லயே பண்ணலாம், காசு செலவில்ல. விளையாடப் போறதுக்கு முன்னாடி "இப்ப என்ன பண்ணப் போற?"ன்னு கேளுங்க, முடிஞ்சதும் "என்ன பண்ண, எப்படி வந்துச்சு?"ன்னு கேளுங்க. பிளாக்ஸ் அடுக்கி சரிஞ்சுடுச்சுன்னா உடனே நீங்க கைய வைக்காதீங்க, "ஏன் விழுந்துச்சு?"ன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. அவன் யோசிப்பான், பெருசு மேல இருந்துச்சுன்னு சொல்லுவான், அடுத்த தடவ பெருச கீழ வைப்பான். திட்டம் போடுறது, பொறுமை, பேச்சு எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்துலயே வந்துருது (நாம வாய மூடிட்டு இருக்குறதுதான் இதுல கஷ்டமான வேல).

பென்சில் பிடிக்க அவசரம் வேணாம். களிமண் பிசையறது, பேப்பர் கிழிக்கறது, பட்டன் போடறதுன்னு விரலுக்கு வேல குடுங்க, பலம் வந்தா எழுத்து தானா வரும். கதை படிக்கறப்போ கடகடன்னு முடிக்காம "அடுத்து என்ன ஆகும்?"னு நடுவுல நிறுத்துங்க. ஸ்கிரீன் 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கம்மியா இருந்தா இன்னும் நல்லது.

ஸ்கூல் தேடுறீங்கன்னா பில்டிங்கையும் ஏசியையும் பாத்து மயங்காதீங்க, கிளாஸ் நடக்கறப்போ ஓரமா நின்னு டீச்சரப் பாருங்க. அழுற பிள்ளகிட்ட குனிஞ்சு உக்காந்து பேசுறாங்களா, இல்ல நின்ன எடத்துலேர்ந்தே அதட்டுறாங்களா? பிள்ளைங்க சத்தம் கேக்குதா, இல்ல டீச்சர் சத்தம் மட்டும்தானா? மூணு வயசு கிளாஸ் பின் டிராப் சைலன்ஸா இருந்தா நான் சேக்க மாட்டேன்.

ஒண்ணு மட்டும், 2 வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தைய சேத்துப் பேசலன்னா "பிளேஸ்கூல் போனா சரியாயிடும்"னு தள்ளிப் போடாம குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, காது டெஸ்ட்டும் சேத்து.