போர்டிங் பாஸில் 'சோன்' எண்ணைப் பார்த்தீர்களா?

விமான நிலையத்தில் அறிவிப்பு வந்ததுமே அடித்துப்பிடித்து வரிசையில் நிற்க வேண்டாம். போர்டிங் பாஸில் பெரும்பாலும் 'சோன்' அல்லது 'குரூப்' என்று ஓர் எண் இருக்கும். அதைக் கூப்பிடும்போது எழுந்தால் போதும். சக்கர நாற்காலியில் வருபவர்கள், பிசினஸ் கிளாஸ்காரர்களெல்லாம் முதலில் போவார்கள். கைக்குழந்தை இருந்தால் கூச்சப்படாமல் ஊழியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் முன்னால் விட்டுவிடுவார்கள்.

கடைசியில் ஏறினால் ஒரு சிக்கல் உண்டு. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் நிரம்பியிருக்கும். உங்கள் பெட்டியை வாங்கி, டேக் கட்டி, கீழே சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். சரி, கொடுங்கள், ஆனால் அதற்குமுன் பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். அது சரக்கறையில் போகக் கூடாது. மருந்து, பாஸ்போர்ட், வீட்டுச் சாவி இவற்றை முதலிலேயே தோள்பையில் வைத்துக்கொண்டால் வாசலில் பெட்டியைக் குடைய வேண்டியிருக்காது.