காய்ச்சலுக்கும் சேர்த்து வாங்குங்கள்: தனியாக இருப்பவர்கள் மழைக்காலத்தில் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் ராமேஸ்வரம் தீவில் எல்லா வீட்டுச் சாமான் சீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அரிசி, புளி, முண்டு மிளகாய், கருவாடு, மெழுகுவத்தி, தீப்பெட்டி. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு போகாது. காற்று மிஞ்சினால் பாலத்தில் ரயிலும் போகாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புயலுக்குச் சேர்த்துவைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2024 கார்த்திகையில் நானும் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தேன். நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். தங்கச்சிமடத்தில் தனி ஆளாக இருக்கிறேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் பத்துக் கிலோ அரிசி இருந்தது. அதைக் களைந்து உலையில் போடுகிற அளவுக்கு எழுந்து நிற்கத்தான் தெம்பில்லை. கருவாட்டு டப்பாவைத் திறந்ததும் குமட்டியது. அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை நாள் பட்டினி கிடந்தேன்.

நல்ல உடம்போடு வீட்டில் அடைபட்டுக் கிடக்கப்போகிறோம் என்ற நினைப்பில்தான் நாம் சாமான் வாங்குகிறோம். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது போதும், ஒருவர் படுத்தால் இன்னொருவர் கஞ்சி வைப்பார். தனியாக இருப்பவருக்கு அந்த இன்னொருவர் கிடையாது. படுத்துக்கிடக்கும் ஆளுக்கான சாமானைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைப்பது இவ்வளவுதான்: ஊறினாலே போதும் என்பதால் அவல், அப்படியே சாப்பிடப் பொட்டுக்கடலை, ரஸ்க், பேரீச்சம்பழம், அப்புறம் பால் பவுடர். அட்டைப்பெட்டியில் வரும் பாலும் நல்லதுதான். பிரிக்காதவரை அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.

இரண்டாம் நாள் கொஞ்சம் நிற்க முடியும். அப்போதைக்கு நொய்யரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, தனித்தனியே வறுத்து, சீரகமும் மிளகும் கலந்து முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவேன். ஒரு கைப்பிடிக்கு ஆறு மடங்கு தண்ணீர், உப்பு, குக்கரில் நாலு விசில். கறியும் தேங்காய்ப்பாலும் இல்லாத நோன்புக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கவும் தாளிக்கவும் வேண்டாத சாப்பாடாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காய்ச்சல் மூன்று நாலு நாளில் விட்டாலும் அசதி அதற்குப் பிறகும் இழுக்கும். அதனால் ஏழு நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பி இருப்பது இன்னொரு தவறு. இங்கே காற்றடிக்கும் முன்பே கரண்ட் போய்விடும். சின்ன சிலிண்டராவது ஒன்று வேண்டும். தீப்பெட்டியைத் திறந்து வைத்தால் கடல் காற்றில் நமுத்துவிடும், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டார்ச், தெர்மாமீட்டர் இரண்டிலும் உள்ள பேட்டரியை ஐப்பசியிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கிற நேரத்தில்தான் அது தெரியவரும்.

அதிகமாக வாங்கி அடுக்குவதும் தவறுதான். ஈரக்காற்றில் வேர்க்கடலையிலும் வற்றல் மிளகாயிலும் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும். "துடைத்துவிட்டு வறுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுதாகப் போவதில்லை, கல்லீரலைக் கெடுக்கும். விலை கொடுத்து வாங்கிய முண்டு மிளகாயைக் கொட்ட மனசு வராது, தெரியும். கொட்டித்தான் ஆக வேண்டும்.

மூக்கை நம்பிச் சாப்பிடுவது

தனியாக இருப்பவர் எதைச் சாப்பிடலாம், எதைக் கொட்டலாம் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் மூக்கை வைத்துத்தான். சளி பிடித்தால் அந்த மூக்குதான் முதலில் படுக்கும். நேற்றுக் காய்ச்சிய பால் திரிந்த வாடை, ஊசிப்போன குழம்பு, கேஸ் கசிவு எதுவும் தெரியாது. பக்கத்தில் கேட்டுப் பார்க்கவும் ஆள் இல்லை. எனவே சளி பிடித்த நாட்களில் இரண்டு பழக்கம் வேண்டும். பாத்திர மூடியில் ஒரு காகிதத்துண்டை ஒட்டித் தேதியும் நேரமும் எழுதுவது ஒன்று. சமையல் முடிந்ததும் அடுப்புக் குமிழோடு நில்லாமல் ரெகுலேட்டரையும் மூடுவது மற்றொன்று.

சோறு விஷயத்தில் ஒரு வார்த்தை. பழைய சோற்றுக்கு நான் எதிரியில்லை, சித்திரை வெயிலில் அதுதான் எனக்குக் காலைச் சாப்பாடு. ஆனால் மதியம் வடித்த சோற்றை மூடாமல் வெளியே வைத்து, ராத்திரி சூடுபண்ணிச் சாப்பிடுவது வேறு. சோற்றில் பெருகும் ஒருவகை பாக்டீரியா விடும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். காய்ச்சலோடு வாந்தியும் சேர்ந்தால் தனி ஆள் தாங்கமாட்டார். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். மிஞ்சினால் ஆறியதும் ஃபிரிட்ஜில்.

மீன்தான் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கூண்டு ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் கரைக்கு வந்த மீனை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் திணிப்பது இங்கே வழக்கம். கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி காலி என்றால் ஒரு நாள். கெட்டுவிட்டதா என்று அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் அதைக் கெடுக்கிறது. உருகிக் குளிர்ச்சி போன மீனைக் கரண்ட் வந்ததும் திரும்ப உறையவைக்கிறோமே, அது அடுத்த தவறு. சாளை, கும்பிளா, சூரை மூன்றிலும் குளிர் குறைந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். வாடை வராமலும் இருக்கலாம். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். "மீன் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டுப் போவோம். மீன்மேல் பழியில்லை, ஐஸ் போதவில்லை. தனி ஆளுக்கு மழைக்காலத்தில் மீன் வாங்கினால் அன்றன்றைக்கு வாங்குவதுதான் சரி. இல்லாத நாளில் முட்டை இருக்கிறது, பருப்பு இருக்கிறது.

மாத்திரைக் கணக்கு

என் காய்ச்சலில் நான் செய்த முட்டாள்தனம் இது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் 650 போட்டுக்கொண்டேன். சளிக்கென்று மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையையும் போட்டேன். இரண்டாம் நாள்தான் அட்டையைத் திருப்பிப் படித்தேன், அந்தச் சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. 650இல் ஆறு போட்டாலே 3.9 கிராம். குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு வரம்பு இதைவிடக் குறைவு, டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சல் வேகத்தில் எத்தனை மணிக்குப் போட்டோம் என்பதும் மறந்துபோகும். நாள்காட்டித் தாளில் நேரத்தைக் குறித்துவிடுங்கள், கணக்கெழுதுகிறவன் சொல்கிறேன்.

உடம்புவலி தாங்காமல் ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் என்று நாமே வாங்கிப் போடுவது இந்தப் பருவத்தில் ஆபத்து. வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். (இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் அவரையே கேளுங்கள்.) ஆன்டிபயாடிக் மூன்று நாள் போட்டால் சரியாகும் என்பதும் வைரஸ் காய்ச்சலில் வீண். "ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று நாமாகக் கேட்பதும் வேண்டாம்.

டெங்குவில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் அபாயமான நேரம். வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், சிறுநீர் குறைந்தால், தலை சுற்றித் துவண்டுபோனால் காய்ச்சல் இல்லையே என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுவாங்கினால் எந்தக் காய்ச்சலானாலும் போக வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். ராத்திரி மழையில், இருட்டில், பாலம் தாண்டிப் போக வேண்டிய தூரம். பகலிலேயே முடிவெடுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் செய்யும் தவறு, "சாப்பிடவே இல்லை, அப்புறம் எதற்கு இன்சுலின்" என்று தாமாகவே நிறுத்துவது. காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தக்கூடாது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை பதினைந்து நாளுக்காவது கூடுதலாகக் கையிருப்பு வேண்டும்.

வாந்தி, பேதிக்குக் கலந்து குடிக்கும் உப்பு சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு டம்ளரில் பாதி, அப்புறம் பாதி என்று கலக்கக்கூடாது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு; உறையில் போட்டிருக்கும் அளவுதான் சரி. கலந்தது 24 மணி நேரம்தான். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து. கடையில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை அதுவென்று நம்பிக் குடித்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எதிலும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில்தான் தடை வந்தது.

தண்ணீரும் கொசுவும்

நிலத்தடி நீர் உப்பு என்பதால் இந்தக் கடற்கரையில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடம், டிரம் எல்லாம் நிரப்பித்தான் வைக்கிறோம். டெங்குக் கொசுவுக்கு அதுதான் பிறந்த வீடு. மூடினால் மட்டும் போதாது. முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது. வாரம் ஒருமுறை காலிசெய்து நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பகலில் கடிக்கிற கொசு அது, ராத்திரி மட்டும் சுருள் கொளுத்திப் பயனில்லை. காய்ச்சலில் பகல் முழுக்கப் படுத்திருப்பவர் பகலிலும் வலை கட்டிக்கொண்டு படுக்கட்டும். குடிக்க, கொதித்து ஆறிய தண்ணீர்.

ஆவி பிடிப்பதென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். தலைசுற்றலில் கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. குளிருக்கென்று கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி அனல் மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

யாருக்கும் சொல்லாமல் இருப்பது

இது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. நாங்கள் அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை. எதிர்வீட்டு அக்கா மூன்றாம் நாள் கதவைத் தட்டி, "ஏன்ணே, நாலு வீடு தள்ளியா இருக்கோம்? ஒரு குரல் கொடுத்திருந்தா கஞ்சி கொண்டாந்திருப்பேன்ல" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. தினம் காலை ஏழு மணிக்கு என் தங்கைக்கு ஒரு மிஸ்டு கால். எட்டுவரை வரவில்லையென்றால் அவள் அந்த அக்காவுக்குப் போன் செய்வாள். மாற்றுச்சாவி அக்கா வீட்டில். உடம்பு சரியில்லாத நாளில் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டால் சாவி இருந்தும் உள்ளே வர முடியாதே. போனில் சார்ஜ் போய்விட்டாலும் தெரியவேண்டும் என்று 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 மூன்றையும் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் அந்த டப்பாவை அப்படியே அடுத்த வருஷத்துக்கு விட்டுவிடக்கூடாது, வண்டு விழுந்துவிடும். மாட்டுப் பொங்கல் அன்று மிச்ச அவலைக் கருப்பட்டி போட்டுக் கிளறி எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவேன்.