பட்டறைக்காரரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டி வர்றீங்களா?

கோயமுத்தூர்ல எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனா இருக்கேனுங்க. வர்றவங்ககிட்ட பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கற கருவி) இருக்கான்னு கேட்ட கையோட நான் கேக்கறது: "லேத்து, கிரைண்டிங் வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணுல இரும்புத்தூள் தெறிச்சிருக்குங்களா?" பட்டறைங்க நெறைஞ்ச ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்துப் பெரியவங்க, "தெறிக்காத நாளேது அம்மணி" ம்பாங்க. அதோட ஸ்கேனை நிறுத்தி வெச்சிருவேன்.

எம்.ஆர்.ஐ. மெஷினே ஒரு பெரிய காந்தமுங்க. எங்களோடதுக்குப் பலம் 1.5 டெஸ்லா; டெஸ்லாங்கறது காந்தப்புலத்தை அளக்கற அலகு. பூமியோட காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேலே. கண்ணுக்குள்ள வலியில்லாம வருசக்கணக்காப் புதைஞ்சு கிடக்கற இரும்புப் பிசிறு, அந்த இழுப்புல நகர்ந்தா உள்ளே ரத்தம் கசியும், பார்வையே போகலாம். அதனால சந்தேகம்னா முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே. பிசிறு இல்லைன்னு ரேடியாலஜி டாக்டர் சொன்னாத்தான் உள்ளே விடுவோம். பக்கத்து மெஷின்காரர் துணி முனையைத் திரிச்சு எடுத்துவிட்டாருங்கறதெல்லாம் கணக்குல வராதுங்க. வீட்டுலயே நிதானமாக் கேட்டுட்டு வாங்க. வேலையை விட்டு இருபது வருசம் ஆகியிருந்தாலும் கேளுங்க.

ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட், எலும்புக்குப் பிளேட், மூளையில கிளிப் வெச்சிருந்தா, ஆபரேசன் பண்ணின ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை முந்தின நாளே காட்டிருங்க. பலதுக்குத் தடை இல்லை; ஆனா எந்தச் சாமான்னு தெரியாம எடுக்க முடியாது.

நகை எல்லாம் வீட்டோட இருக்கட்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனா சூடாகலாம், படமும் கெடும். தாலிக்கொடியில கோத்திருக்கற ஊக்கு அப்படியில்லை, அது இரும்பு. தாலியைக் கழட்ட மனசு வராத அம்மாக்களுக்கு, வெறும் மஞ்சக்கயித்துல மஞ்சத்துண்டைக் கட்டிக் கூட்டியாங்க. அரணாக்கயித்துத் தாயத்தையும் மறந்துறாதீங்க.

மெஷின் சத்தம் போடலைன்னா காந்தம் ஓய்வுல இருக்குன்னு நினைக்காதீங்க. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துல குளிர்ந்திருக்கற சுருள் அது. கரண்ட் போனாலும் இழுக்கும். சாதா வீல்சேரும் ஆக்சிஜன் சிலிண்டரும் கதவுக்கு வெளியேதான்.

இதுல எக்ஸ்ரே கதிர் கிடையாது. உடம்புத் தண்ணியில இருக்கற ஹைட்ரஜன் அணுக்கருவை ரேடியோ அலையால உசுப்பி, அது திருப்பித் தர்ற சிக்னல்லதான் படம் வருது. அசைஞ்சா கலங்கிரும். உள்ளே 'டகடக'ன்னு பலமா இரையும், காதுக்கு அடைப்பான் தருவோம். கையில ஒரு ரப்பர் பல்பும் தருவோம். மூச்சு முட்டுதுன்னு தோணினா அதை அமுக்கச் சொல்லி வெயுங்க, உடனே வெளியே எடுத்துருவோம்.