பனிச்சறுக்கே தெரியாத தம்பதிக்கு ஜப்பான் குளிர்காலப் பயணம்: படிப்படியாக

ஒரு வாரம் லீவு. இருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. ஆனால் அதையும் முயன்று பார்க்க வேண்டும், ஜப்பானையும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கு என் பதில் ஒன்றுதான்: சறுக்குவதற்கு ஓர் ஊர், சுற்றிப் பார்க்க இன்னோர் ஊர் என்று பிரிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற பழைய வெந்நீர் ஊற்றுக் கிராமம் ஒன்றில் நான்கு இரவு தங்குங்கள். கியோட்டோவும் ஒசாகாவும் எங்கும் ஓடிவிடாது, வசந்த காலத்தில் போய்க்கொள்ளலாம்.

நான் பரிந்துரைப்பது நாகானோ மாகாணத்தில் உள்ள நொசாவா ஒன்சென் (ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று). ஏழு இரவுத் திட்டம் இது: டோக்கியோ 1, நாகானோ நகரம் 1, நொசாவா 4, திரும்ப டோக்கியோ 1.

படி 1: இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொன்ஷூ தீவின் நடுவே நிற்கும் மலைகளில் மோதியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. டோக்கியோவில் பளிச்சென்று வெயில் அடிக்கும் அதே நாளில், இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஆள் உயரத்துக்குப் பனி குவிந்து கிடப்பது இதனால்தான்.

பனிச்சறுக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1911-லேயே லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, பக்கத்து நீகாட்டா மாகாணத்தில் ஜப்பானிய வீரர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1998 குளிர்கால ஒலிம்பிக் நாகானோவில் நடந்தது. அதற்காக 1997-ல் வந்த ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையில்தான் நீங்களும் போகப்போகிறீர்கள்.

படி 2: தேதி

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பனி நன்றாக இருக்கும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை தவிர்த்துவிடுங்கள். அறை விலை ஏறும், டோக்கியோவில் பல கடைகள் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டு வாரமும் நெரிசல்தான்.

ஜனவரி 15-ஐச் சுற்றி அறை கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். அன்று இரவு நொசாவாவில் தோசோஜின் தீ விழா. மரத்தால் கோபுரம் போல ஒரு கோயில் கட்டுவார்கள். 42 வயது ஆண்கள் அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள், 25 வயதுக்காரர்கள் கீழே காவல் நிற்பார்கள். ஊரில் மற்றவர்கள் தீப்பந்தத்தோடு வந்து அதைக் கொளுத்தப் பார்ப்பார்கள். இந்த இரண்டு வயதும் ஆண்களுக்குக் கண்டம் என்பது அங்குள்ள நம்பிக்கை. தீப்பொறி பறக்கும் என்பதால் பளபளக்கும் நைலான் ஜாக்கெட்டோடு முன்வரிசைக்குப் போகாதீர்கள்.

படி 3: விசாவும் காப்பீடும்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா என்றால் குறுகிய சுற்றுலாவுக்கு வேண்டாம். கிளம்பும் முன் ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் விவரங்களைப் பதிந்துவிட்டால் விமான நிலையத்தில் க்யூஆர் கோடைக் காட்டிவிட்டுப் போகலாம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது பாலிசியில் ‘விண்டர் ஸ்போர்ட்ஸ்’ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும். சரிவில் கால் முறிந்தபின் படித்துப் பார்ப்பதில் பயனில்லை.

படி 4: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

பனிச்சறுக்கு ஜாக்கெட், பேன்ட், ஹெல்மெட், பலகை, ஷூ எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உடலோடு ஒட்டும் தெர்மல், மேலே ஒரு ஃப்ளீஸ், நல்ல கையுறை, முழங்கால் வரை வரும் சாக்ஸ், இவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். கண்ணுக்கு காகிள்ஸையும் வாங்கிவிடுவது நல்லது, எல்லாக் கடையிலும் வாடகைக்கு வைத்திருக்க மாட்டார்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, குளிரை இழுத்து உடம்பில் வைத்துக்கொள்ளும்.

ஜப்பானில் ஷூ அளவு சென்டிமீட்டரில்தான். வீட்டிலேயே சுவரோரம் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை அளந்து இருவர் அளவையும் மொபைலில் எழுதி வையுங்கள்.

படி 5: ரயிலும் பெட்டியும்

ஜப்பான் ரயில் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து நாகானோவுக்கு ஒரு வழி டிக்கெட் எட்டாயிரத்துச் சொச்சம் யென்தான். தனித்தனியாக எடுத்தால் பாதிகூட ஆகாது. டோக்கியோ மெட்ரோவுக்கும் பெட்டிக்கடைச் செலவுக்கும் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஒரு சுய்கா கார்டு போதும்.

பெட்டி விஷயம்தான் முக்கியம். பனி மூடிய ஏற்றத்தில் ஆளுக்கொரு பெரிய சூட்கேஸை உருட்டிக்கொண்டு போனால் முதல் சண்டை அங்கேயே தொடங்கும். விமான நிலையத்தில் இறங்கியதும் ‘தக்யூபின்’ என்ற கூரியர் கவுன்டரில் பெரிய பெட்டிகளை நொசாவா விடுதி முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு இரவுக்கான துணியை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவையை நடத்தும் யமாதோ நிறுவனம் பனிச்சறுக்குப் பலகைகளுக்கென்றே 1983-லிருந்து தனிச் சேவை நடத்துகிறது. இந்த ஊருக்கு இதெல்லாம் அன்றாடம்.

படி 6: நாகானோ நகரத்தில் ஒரு பகல், ஒரு விடியல்

டோக்கியோவிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள். வேகமான ககயாகி ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாகானோ நிலையத்தின் கிழக்கு வாசலிலிருந்து பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் பனிக் குரங்குகளின் ஊர். அங்கிருந்து காட்டுப்பாதையில் 1.6 கிலோமீட்டர் நடை. பனி இறுகி வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஜிகோகுதானி பூங்கா 1964-ல் திறந்தது. மனிதர்களின் வெந்நீர்த் தொட்டியில் இறங்கத் தொடங்கிய குரங்குகளுக்குத் தனியாகவே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள். தீனி கொடுக்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், செல்ஃபிக்காக நெருங்காதீர்கள்.

இரவு நாகானோவில் தங்கக் காரணம் மறுநாள் விடியல். ஜென்கோஜி கோயிலில் சூரிய உதயத்தை ஒட்டி பூஜை நடக்கும், ஜனவரியில் ஏழு மணி வாக்கில். பூஜைக்குத் தலைமைக் குரு வரும் வழியில் ஜனங்கள் வரிசையாக மண்டியிட்டிருப்பார்கள். அவர் ஜபமாலையால் ஒவ்வொருவர் தலையையும் தொட்டுக்கொண்டே போவார். நீங்களும் மண்டியிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தியாவிலிருந்து கொரியா வழியாக வந்ததாக ஐதீகம் சொல்லும் மூல விக்கிரகத்தை யாரும் பார்க்க முடியாது, அது நிரந்தரமாக மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலஸ்தானத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. படியிறங்கி இரண்டு திருப்பம் திரும்பினால் கும்மிருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வலது கையை இடுப்பு உயரத்தில் சுவரில் தேய்த்துக்கொண்டே நடங்கள். ஓரிடத்தில் சில்லென்ற இரும்பு தட்டுப்படும், பிடித்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். அந்தப் பூட்டைத் தொட்டவருக்கு மோட்சம் நிச்சயம் என்பார்கள். முன்னால் போகிறவர் தோளில் இடிப்பது தவிர்க்க முடியாதது. உங்கள் துணையை முன்னால் விட்டால் அந்தச் சங்கடமும் இல்லை.

படி 7: நொசாவாவில் முதல் சறுக்கு

நாகானோவிலிருந்து ஈயாமா நிலையத்துக்கு ஷின்கான்சென், அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். மறுநாள் காலை வாடகைக் கடைக்குப் போங்கள்.

ஷூவில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே ஒரு ஜோடி சாக்ஸ், அதற்குள் தெர்மல் பேன்ட்டைச் செருகக் கூடாது, மடிப்பு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் கால் கன்றிவிடும். பக்கிள்களைப் போட்டு முதலில் நேராக நில்லுங்கள், பிறகு முழங்காலை முன்னால் மடக்குங்கள். நேராக நிற்கும்போது விரல்கள் நுனியை லேசாகத் தொட வேண்டும், மடக்கும்போது சற்று விலக வேண்டும், குதிகால் மேலே எழக் கூடாது. நடக்கக் கஷ்டமாக இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். எடை கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது பலகை ஷூவிலிருந்து கழன்றுகொள்ள வேண்டிய அழுத்தத்தை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள்.

அப்புறம் ஒரு கட்டளை: ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்காதீர்கள். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்சியாளரிடம் முதல் நாள் பாடம் எடுங்கள். கணவர் யூடியூப் பார்த்துவிட்டு மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எல்லாச் சரிவிலும் பார்க்கலாம், மதியச் சாப்பாட்டு மேசையில் அதன் பலனையும் பார்க்கலாம்.

பாடம் இந்த வரிசையில் போகும். முதலில் ஒரே பலகையோடு சமதளத்தில் நடை. பிறகு பக்கவாட்டில் சிறு மேட்டில் ஏறுதல். அடுத்தது நிறுத்துவது: பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, குதிகாலால் பின்பக்கத்தை வெளியே தள்ளுங்கள். உள்விளிம்புகள் பனியைச் சுரண்டி வேகம் குறையும். திரும்ப வேண்டுமானால், இடது காலில் எடை போட்டால் வலது பக்கம் திரும்பும், வலது காலில் போட்டால் இடது பக்கம். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் எல்லாரும் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பு ஷூவின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். நிற்காது என்று தோன்றினால் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். எழும்போது இரண்டு பலகையும் சரிவுக்குக் குறுக்கே, உங்களுக்குக் கீழே இருக்க வேண்டும்.

வரைபடத்தில் பச்சை தொடக்கக்காரர்களுக்கு, சிவப்பு அடுத்த நிலை, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. முதல் நாள் ஹிககே அடிவாரத்திலேயே இருங்கள். இரண்டாம் நாள் கோண்டோலாவில் (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி) ஏறி மேலே உவெனோதைரா சமவெளிக்குப் போகலாம், அங்கே பனி மென்மையாக இருக்கும். இறங்கும் பாதை கடினமாகத் தெரிந்தால் கோண்டோலாவிலேயே திரும்பி வாருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். மதியத்தோடு நிறுத்திக்கொண்டால் மூன்றாம் நாளும் கால் ஒத்துழைக்கும்.

படி 8: குளியல்

கிராமத்தில் 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன, எல்லாம் இலவசம். ஊர்க்காரர்களே கூடிப் பராமரிக்கிறார்கள். வாசலில் உண்டியல் இருக்கும், சில்லறை போடுங்கள். ஆண், பெண் தனித்தனி. கதவின் எழுத்தில் மேலே நான்கு கட்டம் போட்ட பெட்டி இருந்தால் ஆண்கள், இல்லாவிட்டால் பெண்கள். சேர்ந்து குளிக்க ஆசைப்பட்டால் தனித் தொட்டியை மணிக் கணக்கில் தரும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே துணி எதுவும் கூடாது. கூச்சம் முதல் இரண்டு நிமிடம்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தொட்டிக்கு வெளியே வாளியால் மொண்டு ஊற்றி உடம்பைக் கழுவிய பிறகே இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொதிக்கிறது போலிருந்தால் குழாயில் குளிர்ந்த நீர் விடலாம், ஆனால் உள்ளே இருக்கும் பெரியவரிடம் சைகையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் தலை சுற்றும்.

ஊர் நடுவில் ஓகாமா என்ற ஊற்றும் உண்டு. நீர் ஏறக்குறைய 90 டிகிரி. ஊர்ப் பெண்கள் நொசாவானா கீரையையும் முட்டையையும் அதில் போட்டு வேகவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது.

விடுதியில் கொடுக்கும் யுகாதா அங்கியை இடப்பக்கம் மேலே வருமாறு கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கான முறை.

படி 9: சாப்பாடு

சைவமென்றால் கொஞ்சம் வேலை உண்டு. ஜப்பானியக் குழம்பு, சாஸ் பலவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்ற சாறில் பெரும்பாலும் மீன் இருக்கும். சோபா நூடுல்ஸ் பார்க்கச் சைவம், தொட்டுக்கொள்ளும் சாறு அப்படியல்ல. விடுதியில் இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில் வரும், எனவே அறை பதியும்போதே ‘மீனும் தாஷியும் வேண்டாம்’ என்று எழுதுங்கள். போனபின் சொன்னால் மாற்ற முடியாது. இந்த மாகாணத்தின் ஓயாகி நல்ல துணை: மாவுக்குள் பூசணியோ கீரையோ வைத்துச் சுட்டது. உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். சிறு கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கம் வைத்திருங்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டாம்.

படி 10: திரும்புதல்

பெரிய பெட்டிகளை நேரே விமான நிலையத்துக்கு அனுப்பலாம். ஆனால் இதற்கு விமானம் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே விடுதியில் ஒப்படைக்க வேண்டும். விமான எண்ணையும் டெர்மினலையும் சீட்டில் எழுதுங்கள். டோக்கியோவில் கடைசி இரவுக்கான துணியை அதற்குள் வைத்து மூடிவிடாதீர்கள்.