வாசல் குண்டுமல்லி கோடையில் நிறையப் பூக்க

குண்டுமல்லிக்குப் பங்குனியும் சித்திரையும்தான் முதன்மையான பருவம். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் போன்ற ஊர்களில் அந்த மாதங்களில் பூச்சந்தை நிரம்பி வழியும்போது, தெருவில் வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றைச் செடி மட்டும் இலையாகவே நிற்பதைப் பலரும் பார்த்திருப்போம். கோடையில் ஒரு செடி எவ்வளவு பூக்கும் என்பது, கார்த்திகையில் அதைக் கவாத்து செய்தோமா, அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்தோமா இல்லையா என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

மல்லி புதிதாக வரும் தளிர்களின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கிளை எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், செடியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் சில நாட்கள் தண்ணீரை நிறுத்திவிடுவது வழக்கம். காய்ந்த குச்சிகளையும், உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் அடியோடு நீக்கி, மீதமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டால் செடி மொட்டையாகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் வராது. ஆனாலும் தயங்காமல் வெட்டுங்கள்.

வெட்டிய கையோடு, வேர் அறுபடாத அளவுக்கு அடிமண்ணைக் கொத்திவிட்டு, நிலத்தில் நிற்கும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் தளிர் திடமாக வரும்.

புதிதாக நடுகிறவர்கள் கோடையில் அவசரப்படாமல், ஆனி தொடங்கி ஐப்பசி வரையிலான மாதங்களில் நடுவது நல்லது. ஓர் அடி நீள, அகல, ஆழமுள்ள குழி போதும்; இரண்டு செடிகளுக்கிடையே நாலடி இடைவெளி இருக்கட்டும். நாள் முழுக்க வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது. வேப்பமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கம் வளர்த்து விற்கப்படும் நாற்றுகள், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் போகின்றன. உள்ளூர் நாற்றங்காலில் கேட்டு அந்த ரகத்தை வாங்கலாம். நட்ட மூன்றாம் ஆண்டிலிருந்து செடி முழு வீச்சில் பூக்கும்.

மாசியில் மொட்டு கட்டத் தொடங்கியதும் தண்ணீர் தவறக்கூடாது. தொட்டிச் செடிக்குத் தினமும், தரைச் செடிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளும் ஊற்றலாம். ஆனால் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளிக்க வேண்டும். மொட்டில் சிறு துளை இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. மொட்டு ஊதா நிறமேறி, அடி பருத்து, விரியாமலே காய்ந்தால் அது மொட்டைத் தாக்கும் சிறு ஈயின் வேலை. இரண்டுக்கும் பாதிக்கப்பட்ட மொட்டுகளை அன்றன்றே கிள்ளி அழித்துவிட்டு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். குழந்தைகளின் தலையில் சூட்டும் பூவுக்குக் கடைப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

பறிப்பதற்கு உரிய நேரம் சூரியன் எழுவதற்கு முன். அன்று மாலை விரியப்போகும் மொட்டு வெளுத்து, உருண்டு, நுனி சற்றே தளர்ந்திருக்கும். பச்சை படிந்த மொட்டைப் பறித்தால் விரியாமலே வாடும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, பிற்பகலில் தொடுக்கலாம். வாழைநாரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, காம்புகள் உள்நோக்கி இருக்கும்படி இரண்டிரண்டு மொட்டுகளை எதிரெதிராக வைத்து முடிச்சை இறுக்கினால் சரம் நெருக்கமாக அமையும். நூலைவிட நாரில் தொடுத்த பூ அதிக நேரம் வாடாமல் இருக்கும்.

ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு அளவுக்குக் கிள்ளிவிட்டால் அடுத்த தளிர் வந்து மீண்டும் மொட்டு வைக்கும்.

சிற்றூரில் மல்லி வைத்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலையில் பூ கேட்டு யாராவது வருவது இயல்பு. கேட்கிறவர்களுக்குப் பூவோடு பதியனும் கொடுங்கள். மழைக்காலத்தில் தாழ்ந்த கிளை ஒன்றின் அடிப்பக்கத் தோலை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பிறகு, உடனே கொடுக்காமல் சில நாட்கள் நிழலில் வைத்துத் தேற்றிக் கொடுப்பது நல்லது.