இடுப்பு வலிக்குக் குஷன் வாங்கும் முன்: டிரைவர் சீட்டில் நடக்கும் தவறுகள்

நாள் முழுக்க வண்டி ஓட்டுபவருக்கு இடுப்பு வலி வந்தால் கால்கள் தானாகப் போய் நிற்பது சீட் கவர் கடையில்தான். முதலில் ஒரு குஷன். அது போதவில்லை என்றால் மணி கோத்த விரிப்பு. அப்புறம் முதுகுக்கு ஒரு தலையணை, கழுத்துக்கு இன்னொன்று. காசு செலவாகிக்கொண்டே இருக்கும், வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சீட்டில் ஒரு பொருளைச் சேர்ப்பது கடைசி வேலை. முதலில் உட்காரும் விதம், அடுத்து சீட்டின் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பது, அதன் பிறகுதான் கடை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கால் டாக்ஸி ஓட்டுபவர்கள், ஆக்டிங் டிரைவர்கள், குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் வண்டியில் லோடு அடிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுக்கு அந்த சீட்தான் பிழைப்பு; வலி வந்தாலும் லீவு எடுக்க முடியாது.

நிற்கும்போது நம் கீழ்முதுகு இயல்பாகவே உள்வாங்கி இருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, அந்தக் குழிவு தட்டையாகிவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளில் சுமை ஏறும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1970-களில் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாலும், கீழ்முதுகுக்கு ஒரு தாங்கல் கொடுத்தாலும் அழுத்தம் குறைந்தது. இதோடு வண்டியின் அதிர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழுமாக வரும் ஆட்டத்துக்கு, உட்கார்ந்திருக்கும் உடலின் முதுகெலும்பு கூடவே சேர்ந்து ஆடும். மெத்தென்று இருக்கும் தடிமனான சீட் இந்த ஆட்டத்தைக் குறைக்காது, சில நேரம் கூட்டிவிடும். "எவ்வளவு மெத்துன்னு இருக்கோ அவ்வளவு நல்லது" என்ற நினைப்பு இங்கேதான் அடிபடுகிறது.

சாய்மானத்தை நட்டுக்குத்தலாக வைப்பது

"நிமிர்ந்து உட்கார்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியதால், வலி வந்ததும் பலர் சாய்மானத்தை நேர் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். அப்படி உட்கார்ந்தால் முதுகுத் தசைகள்தான் உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அவை களைத்து, முதுகு முன்னால் கூன் விழும். இதற்கு நேர் எதிராக, சாய்மானத்தைப் படுக்கவைத்து ஒற்றைக் கையில் ஸ்டியரிங் பிடிப்பவர்களும் உண்டு. அதில் தோளும் கழுத்தும் முன்னால் நீண்டு வலி மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே, உட்காரும் பகுதிக்கும் சாய்மானத்துக்கும் இடையே 100 முதல் 110 பாகை இருப்பதுதான் சரி.

எதை முதலில் செட் செய்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் பின்பக்கத்தை சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருங்கள். கிளட்சைத் தரை வரை மிதித்தாலும் இடது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அதற்கேற்ப சீட்டை முன்னே பின்னே நகர்த்துங்கள். கால் எட்டாமல் ஒவ்வொரு கிளட்சுக்கும் இடுப்பைத் திருகி மிதிப்பவருக்கு, சென்னை டிராஃபிக்கில் ஒரு நாளில் எத்தனை நூறு திருகல் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து சாய்மானம். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. முழங்காலின் பின்மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

கண்ணாடியைக் கடைசியில் வையுங்கள். சரியாக உட்கார்ந்த நிலையில் நடுக்கண்ணாடியைத் திருப்பி, பின்கண்ணாடி முழுசும் தெரியும்படி வைத்துவிட்டால் அதுவே உங்களுக்குக் காவலாள். ஓட்ட ஓட்ட உடம்பு சரிந்ததும் பின்னால் வரும் வண்டி பாதி மறையும். அப்போது கை கண்ணாடிக்குப் போகக் கூடாது, இடுப்புதான் பின்னால் போக வேண்டும்.

ஆக்டிங் டிரைவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. ஓனரின் சீட்டை மாற்றினால் என்ன நினைப்பாரோ என்று, ஆறடி ஆள் ஐந்தடிக்காரரின் சீட் அளவிலேயே சென்னையிலிருந்து மதுரை வரை ஓட்டிவிடுவார். "சார், சீட்டை என் உயரத்துக்கு வெச்சுக்குறேன், இறங்கும்போது பழையபடி வெச்சுடுறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. பயணிகளின் பாதுகாப்பும் அந்த அளவில்தான் இருக்கிறது.

தலையணையைத் தப்பான இடத்தில் வைப்பது

கடையில் கிடைக்கும் முதுகுத் தலையணைகள் பல, நடுமுதுகைத் தள்ளும் உயரத்தில் உட்காருகின்றன. தாங்கல் தேவைப்படும் இடமோ பெல்ட் கட்டும் மட்டமும் அதற்குச் சற்று மேலேயும்தான். சரியாக உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டுப் பாருங்கள். கீழ்முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கை தாராளமாகப் போய் வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று பொருள். அதை நிரப்பினால் போதும். முதுகை முன்னால் தள்ளும் அளவுக்குத் தடிமன் வேண்டாம்.

இதற்கு ஒரு துண்டே போதும். சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு அந்த இடத்தில் வையுங்கள். தடிமன் அதிகமாகப் பட்டால் ஒரு சுற்றைப் பிரியுங்கள், குறைவு என்றால் இன்னொரு சுற்று. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து உங்கள் முதுகுக்கு ஏற்ற அளவு தெரிந்த பிறகு, வேண்டுமானால் அதே அளவில் தலையணை வாங்கலாம்.

நடுவில் பள்ளம் வெட்டிய யு வடிவக் குஷனையும் பலர் இடுப்பு வலிக்கு என்று வாங்குகிறார்கள். அது வால் எலும்பில் வலி உள்ளவர்களுக்கானது. மணி விரிப்பின் உண்மையான பயன் காற்றோட்டம். வெயில் காலத்தில் ரெக்சினில் முதுகு நனையாமல் இருக்கும், அவ்வளவுதான். அது வழுக்கி, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சறுக்கினால் எடுத்துவிட்டு ஒரு பருத்தித் துண்டை விரியுங்கள்.

பின்பாக்கெட் பர்ஸ்

சின்ன விஷயம்தான், ஆனால் விடாப்பிடியான தொல்லை. தடித்த பர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் நரம்பும் நசுங்கும். அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1978-லேயே இந்தப் பர்ஸ் வலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வண்டியில் ஏறியதும் பர்ஸ், போன், சாவிக்கொத்து எல்லாம் டேஷ்போர்டுக்குப் போய்விட வேண்டும்.

உள்ளே பார்க்காமல் மேலே போர்த்துவது

எனக்கு இதுதான் பெரிய தவறாகத் தெரிகிறது. நிறைய ஓடிய டாக்ஸி ஒன்றின் டிரைவர் சீட்டைக் குஷன் கடையில் உரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கவரைக் கழற்றியதும் மஞ்சளேறிய ஃபோம். நடுவில், உட்காரும் எலும்புகள் பதிந்த இரண்டு குழிகள். கதவுப் பக்கத்து விளிம்பு அதைவிட மோசமாக இருக்கும். நம் ஊரில் டிரைவர் ஏறுவதும் இறங்குவதும் வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் உடம்பின் எடை அந்த விளிம்பில் விழுந்து, அங்கே ஃபோம் நொறுங்கியிருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். கீழே திருப்பினால் வளைவுக் கம்பி ஸ்பிரிங்கில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று தொங்கும். இன்னொன்று மேலே உள்ள துணியைக் கிழித்துக்கொண்டு ஃபோமை அறுத்திருக்கும்.

இந்த சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலப்பக்கம் சரியும். பார்வை நேராக இருக்க வேண்டுமே என்று முதுகெலும்பு இடப்பக்கம் வளைந்து ஈடுகட்டும். பத்து மணி நேரம் இப்படி வளைந்தே இருந்தால் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. இதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த குஷனைப் போட்டாலும் அதுவும் அதே பக்கம்தான் சரியும். உங்கள் சீட்டின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் முஷ்டியால் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும்.

கடைக்குப் போனால் "மேலே ஒரு லேயர் போட்டுடலாம்" என்பார்கள். வேலை சுலபம், அதனால் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கழன்ற ஸ்பிரிங்கை மாட்டி, கிழிந்த துணியை மாற்றி, இறங்கிய இடத்தை மட்டும் அதே கெட்டியான ஃபோம் ஒட்டி நிரப்பச் சொல்லுங்கள். மொத்தமும் போய்விட்டது என்றால் புது ஃபோம். 40 டென்சிட்டிக்குக் குறையாமல் கேளுங்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற எடைக் கணக்கு. எத்தனை நாள் உழைக்கும் என்பதைத்தான் அது சொல்லும். மெத்தென்று இருக்குமா கெட்டியாக இருக்குமா என்பது வேறு கணக்கு. அதனால் எண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாமல், கவர் தைக்கும் முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முதல் நிமிடம் சுகமாகத் தெரியும் மெத்தை, பத்தாவது நிமிடத்தில் அடி தட்டிவிடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர். அதை யாரும் பிடுங்கக் கூடாது என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உயரம் கூடினால் ஆபத்தும் கூடும்

இரண்டு அங்குலத்துக்கு மேல் குஷன் வைத்து உட்காருபவருக்குத் தலை கூரையை நெருங்கும், பெடலின் உயரக் கணக்கு மாறும். அதைவிட மோசமானது, சீட் பெல்ட். இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டிய பெல்ட், வயிற்றில் ஏறி உட்காரும். மோதினால் குஷன் வழுக்கி, உடம்பு பெல்ட்டுக்கு அடியில் சறுக்கும். பெல்ட் வயிற்றுக்குள் அழுந்தும். உட்காரும் குஷன் எதுவானாலும் அடியில் பிடிமானம் இருக்க வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் திறந்து விரியும்படி தைத்த கவரை மட்டுமே வாங்குங்கள். கழுத்துத் தலையணைக்காக ஹெட்ரெஸ்டைக் கழற்றி டிக்கியில் போடுவதும் வேண்டாம். பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

லோடு வண்டியின் கதை வேறு

குட்டி யானை, ஆம்னி போன்ற வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். கீழிருந்து சூடு, மேலே நட்டுக்குத்தலான சாய்மானம், நகர்த்த இடமும் குறைவு. இங்கே சுருட்டிய துண்டுதான் முதல் துணை. சீட்டுக்கு அடியில் உள்ள வெப்பத் தடுப்பு விரிப்பு கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். லோடுக்காக டயரில் ஏற்றிய காற்றோடு காலி வண்டியை ஓட்டுவதும் இடுப்பைப் பதம் பார்க்கும். காலி வண்டிக்கு எவ்வளவு காற்று என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு சீட்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பெரிய லாரிகளில் ஆடும் சஸ்பென்ஷன் சீட் இருந்தால், டிரைவரின் எடைக்கேற்பத் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கும். முந்தைய டிரைவர் 60 கிலோ, நீங்கள் 90 கிலோ என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் சீட் அடியில் போய் இடிக்கும்.

எப்பேர்ப்பட்ட சீட்டும் நேரத்தை வெல்லாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கூடாது, நடுவே அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. முதுகைக் கேட்டால் அதுவே அதிகம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, டீயை வண்டியிலேயே வாங்கிக் குடிக்காமல் நடந்துபோய்க் குடியுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள். நீண்ட டிரிப் முடிந்து இறங்கிய கையோடு மூட்டை தூக்குவதுதான் பலருக்கு வட்டு பிதுங்கும் தருணம். நீண்ட நேரம் உட்கார்ந்து இறங்கிய முதுகுக்குச் சில நிமிட நடையாவது கொடுத்துவிட்டு லோடில் கை வையுங்கள். பின்சீட்டில் இருக்கும் பையை உட்கார்ந்தபடியே திரும்பி இழுக்கவும் வேண்டாம்.

சில வலிகள் சீட்டுக்கு அப்பாற்பட்டவை. காலில் வலு குறைவது, பாதம் இழுத்துக்கொண்டு வருவது, தொடையின் உள்பக்கமும் உட்காரும் இடமும் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, வலியோடு காய்ச்சல் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கையில் இருக்கும் டிரிப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மரத்துப்போன காலோடு பிரேக்கை நம்பி ஓட்ட முடியாது.