குட்டி முயல் சாப்பிடாவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

முயல் தன் நோயை மறைக்கும் பிராணி. வலித்தாலும் மூலையில் சத்தமின்றி உட்கார்ந்திருக்கும். அதைச் சாதுவான குணம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் அதன் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, நிறைய இருந்தால் குடல் நன்றாக இயங்குகிறது. சிறுத்தாலோ குறைந்தாலோ ஏதோ சரியில்லை. 10, 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குட்டிக்குத் தண்ணீராகக் கழிந்தாலும் அப்படியே. அது வெகு சீக்கிரம் உயிரைப் பறித்துவிடும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து வாய்வழியாகப் போனால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மென்மையான கொத்துப் புழுக்கையை அதுவே தின்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். விடுபட்ட சத்தை மறுமுறை எடுத்துக்கொள்கிறது, தடுக்கவே கூடாது. திடீரென்று துள்ளிக் காற்றில் உடலைத் திருப்பினால் அது மகிழ்ச்சி. தடவும்போது பற்களை மெல்ல உரசுவதும் சுகத்தில்தான். உடலைக் குறுக்கிக்கொண்டு உரக்க நறநறத்தால் வலி.

4 முதல் 6 மாத வயதில் சிறுநீர் தெளிப்பதும், உங்கள் கால்களைச் சுற்றிவருவதும், கடிப்பதும் பருவமடைவதன் அறிகுறிகள். அதற்காக அடிக்காதீர்கள், பாவம். கருத்தடை அறுவை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.